ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குளியல்

கடற்கழியில் மாதக்கணக்கில் மிதந்து கிடந்த ஒரு மரம் சங்கிலிப் பாதையில் ஏறி ஆலைக்குள் வருகிறது. நீளம் நாற்பது அடி. அடிப்பக்கத்தின் குறுக்களவு கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். உடம்பெல்லாம் கரடுமுரடான கறுத்த பட்டை. பட்டையின் வெடிப்புகளில் மணலும் கப்பிக்கல்லும் சிக்கிக் கிடக்கின்றன. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் ஒரு நெம்புகோலை இழுக்கிறார். இடியையும் அருவியையும் ஒன்றாகக் கலந்தது போல ஓர் இரைச்சல். கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெண்புகையாகிவிடுகிறது. அந்தப் புகைக்குள்ளிருந்து பலகை பலகையாகப் பட்டை தெறித்து விழுகிறது. சற்று நேரத்தில் மறுபக்கம் வெளியே வரும் மரத்தைப் பார்த்தால் அதே மரம் என்று நம்ப முடியாது. தோலுரித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி, வெள்ளை வெளேரென்று, ஈரம் மினுங்கக் கிடக்கிறது.

கத்தி படவில்லை, கோடரி படவில்லை. அதன் மேல் பட்டது தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீரைப் பீய்ச்சி மரப்பட்டையை உரிக்கும் இந்த இயந்திரம் 1940களில் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் பரவியது. அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள், அவற்றுக்கு வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஆகியவைதான் அதன் தாய்நிலம். வெயர்ஹவுசர் போன்ற பெரிய மர நிறுவனங்கள் அதை நிறுவின. சில பத்தாண்டுகள் அது கொடிகட்டிப் பறந்தது. பிறகு அநேகமாக மறைந்தே போனது. ஏன் வந்தது, ஏன் போனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்தக் கரையோரத்து மரங்களிலும் ஆறுகளிலுமே இருக்கிறது.

பட்டையை ஏன் உரிக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வெட்டிய மரத்தின் கன அளவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பட்டைதான். உயிரோடு நிற்கும் மரத்துக்கு அது கவசம். வெயில், பூச்சி, காட்டுத்தீ எல்லாவற்றையும் அதுதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. மரம் ஆலைக்கு வந்த பிறகு அதே கவசம் தலைவலி. காகிதம் செய்யத் தேவையான நீண்ட நார் பட்டையில் மிகக் குறைவு. கூழ் காய்ச்சும்போது ரசாயனத்தை மட்டும் வீணாகக் குடிக்கும். தப்பித் தவறி உள்ளே போன பட்டைத் துணுக்கு, வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். நூறு கிலோ மரச்சில்லில் ஒரு கிலோ பட்டை இருந்தாலே முகம் சுளிக்கும் கூழ் ஆலைகள் உண்டு. அறுவை மில்காரருக்கு வேறு கவலை. மரத்தைத் தரையில் இழுத்து வரும்போது பட்டையில் புதைந்துகொள்ளும் ஒரு சின்னக் கூழாங்கல் போதும், வாளின் பற்கள் மழுங்கிவிடும்.

தமிழில் மரப்பட்டையால் ஆன ஆடைக்கு மரவுரி என்று பெயர். உரிப்பது என்ற செயலே பொருளின் பெயராகிவிட்டது. அப்படி உரிந்து வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மரம் பருப்பது முழுக்க இந்தப் படலத்தின் வேலைதான். உட்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் அது ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. புதிதாகப் பிறந்த செல்களின் சுவர் இன்னும் இறுகியிருக்காது, அதனால் மரத்தின் உடம்பிலேயே பலவீனமான இடமும் இதுதான். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் மரம் சாறேறி வேகமாக வளரும்போது அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். ஓரத்தில் நெம்பினால் போதும், பட்டை வாழைமட்டை மாதிரி கழன்று வரும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றதும் பிடிப்பு இரண்டு மூன்று மடங்கு கூடிவிடும். உறைபனியில் கேட்கவே வேண்டாம், கல்லும் சிமெண்டும் போலத்தான்.

தமிழ்நாட்டில் தைல மரம் வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. வெட்டிய கையோடு உரித்தால் நீள நீளமாக வரும் பட்டை, நாலு நாள் வெயிலில் கிடந்துவிட்டால் கட்டையோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அதனால் காகித ஆலைக்குப் போகும் தைல மரக் கட்டைகள் வெட்டிய இடத்திலேயே கையால் உரிக்கப்படுகின்றன. உரித்த பட்டை அங்கேயே கிடந்து மக்குகிறது. தைல மரப் பட்டையில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் மண்ணுக்கு அது ஓரளவு திரும்பிப் போகும் கடன். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1980களில் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை நம்பித் தொடங்கியது. சக்கையில் பட்டைத் தொல்லை இல்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற சோற்றை நீக்கியாக வேண்டும். எந்தச் செடியும் காகிதக்காரருக்காக வளர்வதில்லை!

மெல்லிய கட்டைக்குக் கைவேலை போதும். பசிபிக் கரையோரத்து மரங்களிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை.

அங்கே டக்ளஸ் ஃபர், ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ், சிவப்புச் செடார் என்று ஊசியிலை மரங்கள் பல நூற்றாண்டுகளாக வெட்டுப்படாமல் நின்றன. கிழட்டு டக்ளஸ் ஃபரின் பட்டை ஓர் அடி கனம்கூட இருக்கும். செடார் பட்டையோ கயிறு கயிறாக, நார் நாராகக் கிழியும். இந்தப் பூதங்களை முன்பு எப்படிச் சமாளித்தார்கள்? கூழுக்குப் போகும் ஹெம்லாக் மரத்தை முதலில் துண்டு துண்டாக அறுத்தார்கள். துண்டுகளைப் பிளந்தார்கள். பிளந்ததைச் சுழலும் இரும்புத் தட்டில் பொருத்திய கத்திகள் மேல் ஆட்கள் அழுத்திப் பிடித்துப் பட்டையைச் சீவினார்கள். கத்திக்குப் பட்டை எது, கட்டை எது என்று தெரியாது. மரத்தின் உடம்பு நேராக உருட்டிவிட்ட தூண் போலவா இருக்கிறது? மேடும் பள்ளமும் கணுவுமாக இருக்கும் பரப்பில் பள்ளத்துப் பட்டை போக வேண்டுமென்றால் மேட்டில் நல்ல கட்டையைச் சீவியே ஆக வேண்டும். இப்படிச் சீவியும் சிதறியும் போனது ஐந்தில் ஒரு பங்கு வரை இருந்தது. விரல்களும் போயின.

கிழக்குக் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வேறு உத்தி. அங்கே மரங்கள் மெலிந்தவை. நாலடி, எட்டடித் துண்டுகளாக வெட்டி ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் நூற்றுக்கணக்கில் போட்டுச் சுற்றுவார்கள். ஒன்றோடொன்று மோதி, உரசி, தாமே உரித்துக்கொள்ளும். கூடையில் சின்ன வெங்காயத்தைப் போட்டுக் குலுக்குவது போன்ற வித்தைதான். அந்த உருளைகள் இன்றும் உலகெங்கும் ஓடுகின்றன. ஆனால் ஆறடிக் குறுக்களவுள்ள முழு மரத்தை உருளைக்குள் போட்டு யார் சுற்றுவது?

இங்கேதான் அறுவை மில்லின் கதை வந்து சேர்கிறது. தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த உண்மையான பணக்கணக்கு அதுதான்.

உருண்டையான மரத்தைச் சதுரமான பலகையாக அறுத்தால் நாலு பக்கமும் வளைந்த ஓரங்கள் கழியும். அந்த ஓரங்களையும் மரத்தூளையும் சேர்த்தால் மரத்தின் பாதி அளவுக்கு நெருங்கும். கழியும் ஓரம் நல்ல, முற்றிய, நீண்ட நார் கொண்ட கட்டை. கூழுக்குத் தங்கம் மாதிரி. ஆனால் அதன் முதுகில் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுத்த பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எடுத்து உரித்தால் கூலி கட்டுப்படியாகாது. ஆகவே எரித்தார்கள். ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் ஒவ்வொரு மில்லின் பக்கத்திலும் கூம்பு வடிவ இரும்புக் கூடு ஒன்று நிற்கும். உச்சியில் கம்பி வலை மூடி, அதன் வழியே இரவெல்லாம் தீப்பொறி பறக்கும். அமெரிக்கப் பழங்குடிகளின் கூம்புக் குடில் போல இருந்ததால் அதன் பெயரையே அந்தக் கூட்டுக்கு வைத்துவிட்டார்கள். அந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு மரப்புகை என்பது தெருவின் வாசனை. மில்காரர்களோ காகிதத்தை மூட்டை மூட்டையாக எரித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அறுப்பதற்கு முன்பே முழு மரத்தையும் உரித்துவிட்டால்? அப்போது கழியும் ஓரமெல்லாம் சுத்தமான கட்டை. சில்லு போடும் இயந்திரத்தில் தள்ளினால் கூழ் ஆலைக்கு நேரே போகும். ஒரே மரத்தின் நடுப்பகுதி வீட்டுக்கூரையாகவும் ஓரம் காகிதமாகவும் மாறும். இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் முழு மரத்தை உரிக்கும் இயந்திரத்தைத் தேடினார்கள்.

தண்ணீரை ஆயுதமாக்குவது அந்தக் கரையோரத்துக்குப் புதிதில்லை. 1853இல் கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டி அருகே எட்வர்ட் மேட்டிசன் என்பவர் கித்தான் குழாயின் முனையில் ஒரு குழலைப் பொருத்தி, குன்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சித் தங்க மண்ணைக் கரைத்தார். முப்பதே ஆண்டுகளில் மலைகளே கரைந்தன. கரைந்த சேறு ஆறுகளை மேடாக்கி, கீழே இருந்த வயல்களை மூடி, ஊர்களில் வெள்ளத்தைக் கொண்டு வந்தது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884இல் கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்ன நீதிபதியின் பெயர் லோரன்சோ சாயர். சாயர் என்றால் ஆங்கிலத்தில் மரம் அறுப்பவர்! அதே தண்ணீர்ப் பீரங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியாட்டில் நகரத்துக்கு வந்தது. நகரின் நடுவே இடைஞ்சலாக நின்ற டென்னி குன்றைக் கரைத்துக் கடலில் தள்ள அது உதவியது. குன்றையே கரைத்த ஊரில் மரப்பட்டை எம்மாத்திரம்.

தண்ணீருக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆண்டில் பாதி நாள் மழை. மரங்கள் ஆலைக்கு வருவதே தண்ணீர் வழியாகத்தான். வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடலில் இழுத்து வருவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பவல் ரிவர் ஆலை 1912இல் மேற்குக் கனடாவின் முதல் செய்தித்தாள் காகிதத்தை உருட்டிய ஆலை. தன் மரத்தெப்பங்களை அலையிலிருந்து காக்க, ஓய்வுபெற்ற கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்து அணை மாதிரி நிறுத்தி வைத்தது. அவற்றில் பல, உலகப்போர்க் காலத்தில் கான்கிரீட்டால் கட்டிய கப்பல்கள். இவ்வளவு ஈரமான தொழிலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்வதில் யாருக்கும் தயக்கம் இருந்திருக்காது.

இயந்திரம் பல வடிவங்களில் வந்தது. ஒன்று லேத் பட்டறையை நினைவூட்டும். மரத்தை முள் உருளைகளில் கிடத்தியோ இரு முனையிலும் கவ்விப் பிடித்தோ சுழற்றுவார்கள். நாசில் ஒரு வண்டியில் ஏறி மரத்தின் நீளத்துக்கு ஓடும். இன்னொன்று வளையம். சுற்றிலும் நாசில்கள் பொருத்திய பெரிய இரும்பு வளையத்துக்குள் மரம் நுழைந்து வெளியே வரும். கிழக்கத்திய மெலிந்த கட்டைகளுக்கென்று மில்வாக்கி நகரத்து அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் சின்ன வடிவம் ஒன்றைச் செய்தது. உலகம் அந்த நிறுவனத்தை ஆரஞ்சு நிற டிராக்டர்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

வடிவம் எதுவானாலும் உயிர் பம்ப்தான். கார் டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு சொச்சம். இந்த நாசில்களில் தண்ணீரின் அழுத்தம் ஆயிரம் பவுண்டுக்கு மேல், சில இடங்களில் ஆயிரத்து ஐந்நூறு வரை. காற்று மண்டல அழுத்தத்தைப் போல எழுபதிலிருந்து நூறு மடங்கு. நூறு மடங்கு அழுத்தத்திலிருந்து விடுபடும் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் பாயும் என்பதைப் பள்ளி இயற்பியல் சூத்திரத்திலேயே போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் கேலன், நம் கணக்கில் சுமார் 3,800 லிட்டர், அந்த வேகத்தில் பாய வேண்டுமென்றால் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டிய திறன் மட்டுமே எண்ணூறு குதிரைத் திறனைத் தாண்டும். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும். ஊர்க் கிணற்றில் ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஓடுகிறது என்றால், ஒரு மரத்தைக் குளிப்பாட்ட இருநூறு கிணற்று மோட்டார்.

இத்தனை வேகத் தண்ணீர் கட்டையை ஏன் கிழித்துவிடவில்லை? தண்ணீர்த் தாரை பட்டையின் வெடிப்பு வழியாக உள்ளே புகுகிறது. கேம்பியத்தைத் தாண்டிக் கட்டையில் மோதுகிறது. நார்கள் நெருக்கமாகப் பின்னிய கட்டை அந்த அழுத்தத்தைத் தாங்கிவிடும். போக வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் திரும்புகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது மரத்தின் மிகப் பலவீனமான படலம். அதை நெட்டிப் பிளந்துகொண்டு, பட்டையை அடியிலிருந்து தூக்கி வீசுகிறது. கத்தி மேலிருந்து கீழே சீவுகிறது, தண்ணீர் கீழிருந்து மேலே கிளப்புகிறது. கணுவின் குழியிலும் வளைவின் மடிப்பிலும் எந்தக் கத்தியும் எட்டாத இடத்துக்குத் தண்ணீர் சுலபமாகப் போகும். மரத்தின் உருவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கட்டைச் சேதம் மிகக் குறைவு. மணலும் கல்லும் கூடவே கழுவிப் போய்விடும்.

ஆபரேட்டர் வேலை உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் சும்மா உட்காரும் வேலையில்லை. ஹெம்லாக் மரத்துக்கு ஒரு பக்குவம், டக்ளஸ் ஃபருக்கு இன்னொன்று. வெகுநாள் வெயிலில் கிடந்து பட்டை ஒட்டிப்போன மரம் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். புது மரமென்றால் ஓட்டலாம். தண்ணீர்ப் புகைக்கு நடுவே எந்த இடம் வெளுத்தது, எந்த இடம் கறுப்பாகவே நிற்கிறது என்று கண்ணால் பிடிக்க வேண்டும். கூட ஒரு நொடி நின்றால் மின்சாரம் வீண், மரமும் தும்பு தும்பாகக் கிளம்பும்.

இத்தனை பெருமையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கீழே, இயந்திரத்தின் அடியில், வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

நிமிடத்துக்குச் சில ஆயிரம் லிட்டராகப் பாய்ந்த தண்ணீர் முழுவதும் பட்டையோடு கலந்து கால்வாயில் இறங்கியது. சல்லடையில் பெரிய துண்டுகளைப் பிரித்தெடுக்கலாம். நுண்ணிய துகள் போகாது. பட்டையின் சாறு நிச்சயமாகப் போகாது. தோல் பதனிட வேலம்பட்டையையும் ஆவாரம்பட்டையையும் ஊறவைப்பவர்களுக்குத் தெரியும், பட்டையை ஊறவிட்டால் தண்ணீர் என்ன நிறத்துக்கு வரும் என்று. டிகாஷன் நிறத்தில் ஓடிய அந்தத் தண்ணீரில் டானின் இருந்தது. மீன்களுக்கு நஞ்சாகும் பிசின் அமிலங்கள் இருந்தன. கரைந்த சர்க்கரைகளும் பிறவும் மட்கும்போது ஆற்றின் பிராணவாயுவை உறிஞ்சின. மிதந்த துகள் ஆற்றடியில் படிந்து மெத்தையாகி, சாலமன் மீன்கள் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடியது. சாலமன் அந்தக் கரையோரத்து மக்களுக்குச் சோறு. பழங்குடிகளுக்கு அதற்கும் மேலே.

அழுக்குத் தண்ணீரை வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆயிரம் பவுண்டு அழுத்தத்தில் மணலும் துகளும் கலந்த தண்ணீரை ஓட்டினால் பம்பின் உள்ளுறுப்புகளையும் நாசிலின் துளையையும் அது அரித்துத் தின்றுவிடும். துளை பெரிதானால் தாரை சிதறும், அழுத்தம் விழும். சுத்தத் தண்ணீரை வாங்கி அழுக்குத் தண்ணீரைக் கொடுப்பதுதான் இந்த இயந்திரத்தின் சுபாவம். அதை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு சுத்திகரிப்பு ஆலை கட்ட வேண்டும்.

பட்டையும் கெட்டது. ஆலைகள் உரித்த பட்டையைச் சும்மா விடுவதில்லை. அரவை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கிக் கொதிகலனில் எரிக்கும். அந்த அரவைக்கு அங்கே பன்றி என்றே பெயர், அதிலிருந்து வரும் எரிபொருளுக்குப் பன்றி எரிபொருள். தண்ணீர்ப் பீரங்கியில் நனைந்து ஊறிய பட்டை எடையில் பாதிக்கு மேல் தண்ணீராக வந்து சேரும். பிழிந்து எடுத்தாலும் அடுப்பில் ஈர விறகு வைத்த கதைதான். கிடைக்கிற சூட்டில் கணிசமான பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். கடலில் மிதந்து வந்த மரமென்றால் உப்பும் சேர்ந்து கொதிகலனை அரிக்கும்.

1972இல் அமெரிக்காவில் தூய நீர்ச் சட்டம் வந்தது. அதன் கீழ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மரத் தொழிலுக்கு விதிகளை எழுதியபோது, பட்டை உரிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்தது. கத்தி, உருளை போன்ற இயந்திர முறையில் உரிப்பவர்கள் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது. தண்ணீர் முறைக்கு மட்டும், ஒரு கன மீட்டர் மரத்துக்கு மாதச் சராசரியாக இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டார்கள். பிராணவாயுவை உறிஞ்சும் கழிவு அரைக் கிலோ, மிதக்கும் துகள் 2.3 கிலோ. சலுகை போலத் தெரிகிற இந்த வரம்புதான் செலவுப் பட்டியலாக மாறியது. சாயர் தீர்ப்புச் சொல்லி ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு தண்ணீர்ப் பீரங்கியும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் சட்டம் மட்டுமே அதைக் கொன்றது என்று எழுதினால் பாதிக் கதைதான். மற்றப் பாதியை மரங்களே எழுதின. ஆறடிக் குறுக்களவுள்ள கிழட்டு மரங்கள் வெட்டித் தீர்ந்துகொண்டிருந்தன. அடுத்து வந்தது நட்டு வளர்த்த இரண்டாம் தலைமுறை. ஓரடி, ஒன்றரையடிக் கனம், பட்டையும் மெல்லியது. இவற்றுக்கு ஆயிரம் குதிரைத் திறன் தேவையில்லை. அதற்குள் ஸ்வீடனின் சோடர்ஹாம்ன் ஊரிலிருந்து ஒரு மாற்று வந்திருந்தது. சுழலும் எஃகு வளையம், அதன் உள்விளிம்பில் மழுங்கிய முனையுள்ள சில கரங்கள், கரங்களை உள்நோக்கி அழுத்தும் ரப்பரோ ஸ்பிரிங்கோ. மரம் நடுவே வேகமாக ஓடும்போது கரங்கள் சுற்றி வந்து பட்டையை வழிக்கும். கூர்மை இல்லாததால் கட்டையில் இறங்காது. கேம்பியத்தோடு பட்டை நழுவும். அந்த இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கேம்பியோ. தண்ணீர் செய்த அதே தந்திரத்தை, பலவீனமான படலத்தைக் குறிவைக்கும் வேலையை, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அது செய்தது. மின்சாரமும் மிகக் குறைவு, பட்டையும் உலர்ந்தபடியே கொதிகலனுக்குப் போகும். வளையத்துக்குள் நுழையாத பெருமரம் மட்டுமே தண்ணீர் இயந்திரத்தின் பிழைப்பாக மிஞ்சியது. பெருமரம் அருகியதும் பிழைப்பும் போனது.

உறைபனி தேசங்களின் உருளைகளில் தண்ணீருக்கு இன்னும் ஒரு சின்ன வேலை மிச்சமிருக்கிறது. பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் பாறையாக உறைந்து வரும் கட்டைகள் மேல் வெந்நீரைத் தெளித்து, பட்டையில் பனியை இளக்கிவிட்டு உருளைக்குள் அனுப்புகிறார்கள். உரிப்பது உருளை, தண்ணீர் இளக்குவதோடு சரி.

தண்ணீரின் இன்னொரு வாரிசு, யாரும் எதிர்பாராத பக்கம் கிளம்பியது. 1950களில் நார்மன் ஃபிரான்ஸ் என்ற வனவியல் பேராசிரியருக்கு ஒரு கேள்வி எழுந்தது. தண்ணீரின் அழுத்தத்தை இன்னும் பல மடங்கு கூட்டி, தாரையை இழை போல் மெல்லியதாக்கினால் கட்டையையே அறுக்க முடியுமா? கனத்த எடைகளைத் தண்ணீர்த் தம்பத்தின் மேல் விழவைத்து, நுண்துளை வழியே ஒரு கணம் மட்டும் பாயும் தாரைகளை அவர் சோதித்தார். மரம் அறுபட்டது. கண நேரத்துக்குப் பதிலாகத் தொடர்ந்து அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்ப்தான் அன்று இல்லை. அது 1970களில் வந்தது. முதலில் அட்டைக் குழாய்களையும் மெத்தென்ற பொருள்களையும் அறுத்தார்கள். 1970களின் இறுதியில் சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரத்தில் ஃப்ளோ நிறுவனத்தின் முகமது ஹஷீஷ் தண்ணீர் இழையோடு கடினமான மணல்துகளைக் கலந்துவிட்டார். எஃகும் கருங்கல்லும் வெட்டுப்பட்டன. நம் ஊர்களில் பளிங்குத் தரையின் நடுவே வெவ்வேறு நிறக் கற்களைத் தாமரையாகவும் கோலமாகவும் பொருத்தித் தரும் பட்டறைகளில் ஓடும் வாட்டர்ஜெட் இயந்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

அதன் நாசிலில் அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல நாலாயிரம் மடங்கு. தாரையின் வேகம் ஒலியை மிஞ்சும். செலவாகும் தண்ணீரோ நிமிடத்துக்கு மூன்று நாலு லிட்டர். மரம் குளிப்பாட்டிய பழைய இயந்திரம் அதே நேரத்தில் குடித்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு.